கடைசி இடத்தில் நின்ற பாட்டு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஐரோப்பிய ஒலிபரப்பு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து 1956 முதல் நடத்திவரும் பாட்டுப் போட்டிக்கு 'யூரோவிஷன்' என்று பெயர். நாட்டுக்கு ஒரு பாட்டு மேடையேறும். பல நாட்டு மக்கள் அதைத் தொலைக்காட்சியில் ஒரே நேரத்தில் காண்பார்கள். நடுவர்கள் புள்ளியிடுவார்கள்.

1974 ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் 17 நாடுகள் போட்டியிட்டன. நாட்டுக்குப் பத்து நடுவர், ஆளுக்கு ஒரே வாக்கு. ஆக மொத்தம் 170 வாக்குகள். ஸ்வீடனின் 'அபா' குழு 24 பெற்று முதலிடம் வந்தது. போர்ச்சுகலுக்காகப் பாடிய பவுலோ டி கார்வால்யுவுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. வேறு மூன்று நாடுகளோடு சேர்ந்து கடைசி இடம்! எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். மதிப்பெண் பட்டியல் வந்தால் அப்பா கேட்கும் ஒரே கேள்வி, "எத்தனையாவதுடா?" என்பதுதான். அவரிடம் இந்தப் பாட்டைப் பற்றிச் சொன்னால் அடுத்த வார்த்தை கேட்கமாட்டார்.

ஆனால் கேட்கவேண்டிய கதை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

கோவாவை 1961 வரை விடாப்பிடியாகப் பிடித்துவைத்திருந்த நாடு என்றுதான் போர்ச்சுகலை நாம் அறிவோம். அந்நாட்டு மக்களும் 1926 முதல் சர்வாதிகாரத்தின் கீழ்தான் வாழ்ந்தார்கள். சலாசார், அவருக்குப் பின் கேட்டானோ. பத்திரிகைக்குத் தணிக்கை, பாட்டுக்குத் தணிக்கை, வீதிக்கு வீதி ரகசியப் போலீஸ். அங்கோலா, கினியா, மொசாம்பிக் ஆகிய ஆப்பிரிக்கக் காலனிகளில் முடிவே இல்லாத போர். அந்தப் போருக்கு அனுப்பப்பட்டுச் சலித்துப்போன இளம் ராணுவ அதிகாரிகளே ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டனர்.

1974 மார்ச் 16 அன்று ஒரு படைப்பிரிவு மட்டும் தனியாகத் தலைநகர் லிஸ்பனை நோக்கிப் புறப்பட்டது. மற்றவர்கள் வரவில்லை. நகருக்குள் நுழையாமலே திரும்பியவர்கள் கைது செய்யப்பட்டனர். அடுத்த முறை எல்லாப் பாசறைகளும் ஒரே நேரத்தில் கிளம்பவேண்டும், இல்லையேல் சிறைதான். செய்தியை எப்படி அனுப்புவது? தொலைபேசியை ஒட்டுக்கேட்க ஆள் உண்டு. வானொலியோ எல்லோருக்கும் பொது. யார் கேட்கிறார்கள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அதற்கு ஒரு பாட்டு வேண்டும். அரசியல் வாடையுள்ள பாட்டானால் சந்தேகம் வரும். கார்வால்யுவின் பாட்டோ காதலி பிரிந்துபோன துயரம் பற்றியது. 'விடைபெற்ற பின்பு' என்பதே தலைப்பின் பொருள். யூரோவிஷனுக்குப் போய்வந்ததால் எல்லோருக்கும் தெரிந்தது. வானொலியில் எப்போது போட்டாலும் ஒருவரும் புருவம் உயர்த்தமாட்டார்கள். ஏப்ரல் 24 இரவு 10.55க்கு லிஸ்பன் வானொலி நிலையம் ஒன்று அதை ஒலிபரப்பியது. 'ஆயத்தமாகுங்கள்' என்பது பொருள்.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு இங்கேதான் சுவை அதிகம். அந்த நிலையத்தின் அலைகள் லிஸ்பனையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டிப் போகமாட்டா. ஆகவே நாடு முழுவதும் எட்டும் ரேடியோ ரெனாசென்சா நிலையத்திலிருந்து இரண்டாவது சைகை தேவைப்பட்டது. நள்ளிரவு கடந்து 12.20க்கு ஜோசே அஃபோன்சோவின் 'கிராந்தொலா' பாட்டு ஒலித்தது. 'புறப்பட்டாயிற்று, இனித் திரும்புவதில்லை' என்பது அதன் பொருள். கடைசிப் பாட்டு புரட்சியை உண்டாக்கியது என்று சிலர் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. பாட்டு ஒன்றும் செய்யவில்லை. முன்கூட்டியே பேசிவைத்த பொருளைச் சுமந்து சென்றது, அவ்வளவுதான். அன்றிரவு அதே பாட்டைக் கேட்டுக்கொண்டே எத்தனையோ வீடுகளில் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கியிருப்பார்கள்!

இதற்கு நேர்மாறாக இத்தாலியில் நடந்த வேடிக்கையையும் சொல்லவேண்டும். அதே போட்டியில் இரண்டாமிடம் பெற்ற இத்தாலியப் பாட்டின் தலைப்பு 'சீ', அதாவது 'ஆம்'. அந்த மே மாதம் அங்கே மணவிலக்குச் சட்டத்தை நீக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு. 'ஆம், ஆம்' என்று திரும்பத் திரும்பக் கேட்டால் மக்கள் மனம் மாறிவிடுமாம்! அதனால் வாக்கெடுப்பு முடியும்வரை இத்தாலியத் தொலைக்காட்சி அந்தப் போட்டியையே காட்டவில்லை. குற்றமற்ற பாட்டைக் கண்டு அங்கே அஞ்சினார்கள். அஞ்சவேண்டிய பாட்டை இங்கே அனுமதித்தார்கள்.

ஏப்ரல் 25 மாலைக்குள் கேட்டானோ சரணடைந்தார். ரகசியப் போலீசார் சுட்டதில் நான்கு பேர் உயிரிழந்தனர். ராணுவம் மக்கள்மீது சுடவில்லை. மக்கள் சிப்பாய்களின் துப்பாக்கி முனைகளில் கார்னேஷன் மலர்களைச் செருகினார்கள். ஆப்பிரிக்கக் காலனிகள் விடுதலையாயின. கோவா இந்தியாவுக்கு உரியது என்று போர்ச்சுகல் ஒப்புக்கொண்டதும் அந்த 1974 டிசம்பரில்தான்.

மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் நடந்த போட்டிக்குப் போர்ச்சுகல் அனுப்பிய பாடகர் துவார்த்தே மெந்தெஷ், அந்தப் புரட்சியில் பங்குகொண்ட ராணுவ கேப்டன். பாட்டின் தலைப்பு 'விடியல்'. 19 நாடுகளில் 16ஆம் இடம்.