சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா? – யுகுலேலேவுக்கு ஏற்ற ப்ரீஆம்ப் வாங்கும் முறை



பருப்பு, எண்ணெய், மசாலாச் சரக்குகளின் தரம் பார்த்து வாங்கும் முறைகளை இப்பகுதியில் எழுதி வருகிறோம். இம்முறை ஓர் இசைக்கருவிச் சாமானை எடுத்துக்கொண்டிருக்கிறோம். நம் உறுப்பினர்கள் பலர் வீட்டில் பிள்ளைகள் யுகுலேலே பழகுகிறார்கள். பார்வைக்குச் சின்னக் கிடார். நான்கே நைலான் கம்பிகள். சிறுவர் கைக்கு அடக்கம். 1879-ல் மதீரா தீவிலிருந்து ஹவாய்க்குக் கூலி வேலைக்குப் போன போர்ச்சுக்கீசியர் கொண்டுசென்ற வாத்தியத்திலிருந்து பிறந்தது. விலையும் கட்டுப்படியாகிறது. ஆனால் மேடையேறும்போதுதான் செலவு முளைக்கிறது.

விழா ஒன்றில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் நண்பரின் பேத்தி வாசித்தாள். வீட்டுக் கூடத்தில் கணீரென்று கேட்ட வாத்தியம் ஸ்பீக்கரில் தகரத்தைச் சுரண்டுவது போலக் கீச்சிட்டது. "இன்னும் கை பழகவில்லை" என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். பிள்ளை காதில் அது விழுந்துவிட்டது. "இனிமேல் நான் வாசிக்க மாட்டேன் தாத்தா" என்று வாத்தியத்தை உறையில் போட்டு மூடிவிட்டாள். மனம் பொறுக்காத நண்பர், பல ஆயிரம் ரூபாயில் ஒரு பெட்டிக்கு விலை பேசிவிட்டு நம்மிடம் யோசனை கேட்க வந்தார். நாம் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்தது இதுதான்: குறை பிள்ளையின் கையிலும் இல்லை, வாத்தியத்திலும் இல்லை. இணைப்பில் இருந்தது. அதைச் சரிசெய்ய அவ்வளவு பணமும் தேவையில்லை.

ப்ரீஆம்ப் என்பது என்ன?

நம் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரானிக் தராசையே எடுத்துக்கொள்வோம். தட்டில் சரக்கை வைத்ததும் அடியிலுள்ள லோடு செல் மிகச் சிறிய மின் அழுத்தத்தைத் தருகிறது. சில மில்லிவோல்ட் அளவுதான். அதை அப்படியே வைத்துக்கொண்டு எண்ணைக் காட்ட முடியாது. உள்ளே இருக்கும் ஒரு சிறு சர்க்யூட் அதைச் சிதையாமல் வாங்கி, பெருக்கி, அடுத்த பகுதிக்குக் கொடுக்கிறது. அந்த வேலையை வாத்தியத்துக்குச் செய்வதே ப்ரீஆம்ப். பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் நிற்கும் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். கணக்குப்பிள்ளை தப்பாக எழுதினால் பிறகு முதலாளி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை.

நைலான் கம்பிக்கு என்ன பிக்கப்?

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) கர்நாடக சங்கீதத்தில் வாசித்தது மின் மாண்டலின். அதன் கம்பிகள் உலோகம். காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருளின் அருகே உலோகக் கம்பி அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. யுகுலேலேயில் இருப்பது நைலான். காந்தம் நைலானைக் கண்டுகொள்ளாது. ஆகவே காந்தப் பிக்கப்பை யாராவது யுகுலேலேவுக்குச் சிபாரிசு செய்தால், கம்பியை மாற்றாத வரையில் அது வீண் செலவு.

மீதியுள்ள வழிகள் இரண்டு. ஒன்று, முன்னால் மைக் வைப்பது. சிறிய கூடத்துக்கு இதுவே போதும். எதுவும் வாங்க வேண்டாம். பெரிய மேடையில் பிள்ளை சற்று நகர்ந்தால் ஒலி குறையும். மைக்கைக் கூட்டி வைத்தால் ஸ்பீக்கர் ஊளையிடும். இரண்டாவது, வீணைக் கலைஞர்கள் குடத்தின் மேல் காண்டாக்ட் மைக் ஒட்டி வாசிப்பது போல, அதிர்வை நேரடியாக மரத்திலிருந்தே எடுப்பது. இதற்குப் பயன்படுவது பெரும்பாலும் பியசோ வில்லை.

நம் ஊர்ப் பீங்கானும் இந்தப் பீங்கானும்

விருத்தாசலத்தில் பீங்கானைத் தெரியாதவர் இல்லை. நம் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் பொம்மைகளும் சூளையேறுகின்றன. நம் பீங்கானின் பெருமை, மின்சாரத்தைத் தன் வழியே விடாமல் தடுப்பது. பியசோ வில்லையும் ஒரு பீங்கானே. ஆனால் அது களிமண் அல்ல. ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் ஆகியவற்றின் ஆக்சைடுத் தூள்களை அழுத்தி, சூளையில் சுட்டு, பிறகு உயர்ந்த மின் அழுத்தம் கொடுத்துப் பழக்கப்படுத்தியது. அதை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். இந்தக் குணத்தைப் படிகங்களில் 1880-ல் கண்டறிந்தவர்கள் பியர் கியூரி, ஜாக் கியூரி சகோதரர்கள்.

இதன் உறவுக்காரப் பொருள் நம் கடைகளிலேயே தொங்குகிறது. சொடுக்கினால் பொறி விடும் கேஸ் லைட்டருக்குள் இருப்பதும் பியசோ பீங்கான்தான். அங்கே சுத்தியல் அடிக்கிறது, பொறி பறக்கிறது. இங்கே கம்பியின் அதிர்வு மெல்லத் தட்டுகிறது. ஒலிக்கான மின்னலை வருகிறது.

குறை எங்கே வந்தது?

பியசோ வில்லை அழுத்தத்தைத் தரும். அதிக மின்னோட்டத்தைத் தர அதற்குச் சக்தியில்லை. கையில் சிறு முதல் வைத்திருக்கும் பெட்டிக்கடைக்காரர் போன்றது. அவரிடம் கால் கிலோ கேட்டால் சரியாக நிறுத்துத் தருவார். லாரி லோடு கேட்டால் கையை விரிப்பார்.

ஒரு கருவி தன் வாசலில் எவ்வளவு மின்னோட்டத்தைக் கேட்கிறது என்பதை அதன் உள்ளீட்டு இம்பீடன்ஸ் காட்டுகிறது. இது ஓமில் சொல்லப்படும். எண் பெரிதாக இருந்தால் கேட்பது குறைவு. எண் சிறிதாக இருந்தால் கேட்பது அதிகம். மைக் செட்காரரின் மிக்சரில் லைன் வாசல் சுமார் 10 கிலோ ஓம். மைக் வாசல் இரண்டு கிலோ ஓம் அளவே. கிடார் ஆம்ப்ளிஃபயரின் வாசலோ சுமார் 1 மெகா ஓம், அதாவது ஆயிரம் கிலோ ஓம்.

கணக்கைப் பாருங்கள். 27 மில்லிமீட்டர் பியசோ வில்லையின் மின்தேக்குத் திறன் சுமார் 20 நானோ ஃபாரட். அதை 10 கிலோ ஓம் வாசலில் செருகினால், சுமார் 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியெல்லாம் தேயத் தொடங்கும். யுகுலேலேயின் திறந்த கம்பிகளோ 262, 330, 392, 440 ஹெர்ட்ஸ். நான்கும் அந்தக் கோட்டுக்குக் கீழே! அடிப்படைச் சுரம் தேய்ந்து மேல் ஒலிகள் மட்டும் மிஞ்சினால் கீச்சென்று கேட்காமல் வேறு எப்படிக் கேட்கும்? அதே வில்லையை 1 மெகா ஓம் வாசலில் செருகினால் தேய்வு தொடங்கும் இடம் 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. சுரம் முழுதாக வந்து சேரும்.

நண்பரின் பேத்தி வாசித்த அன்று நடந்தது இதுதான். வில்லையிலிருந்து வந்த ஒயர் நேரே மிக்சருக்குப் போயிருந்தது.

எவ்வளவு மெகா ஓம் போதும்?

விலை உயர்ந்த பெட்டிகளில் 10 மெகா ஓம் என்று போட்டிருப்பார்கள். அது பொய்யல்ல. பாலத்துக்கு அடியில் வைக்கும் மெல்லிய பியசோ பட்டையின் மின்தேக்குத் திறன் சுமார் 1 நானோ ஃபாரட்தான். 1 மெகா ஓம் வாசலில் அது 160 ஹெர்ட்ஸிலிருந்து கீழே தேயும். கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். ஆகவே கிடார்காரருக்கு அது நஷ்டம். யுகுலேலேவுக்கு 262-க்குக் கீழே சுரமே இல்லை. நாலாம் கம்பியைத் தாழ்த்திக் கட்டினாலும் 196-தான். ஆகவே 1 மெகா ஓம் போதும். மெல்லிய பட்டையானால் இரண்டு மூன்று மெகா ஓம் இருந்தால் நிம்மதி. கிடாருக்கு வேண்டிய விலையை யுகுலேலேவுக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. வாத்தியத்தின் பக்கவாட்டில் பேட்டரி அறையும் குமிழ்களும் இருக்கின்றனவா? இருந்தால் ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறது. இன்னொன்று வாங்காதீர்கள். ஒயரை நேரே மிக்சரின் லைன் வாசலில் செருகலாம்.

2. பேட்டரி இல்லாத வெறும் பிக்கப் என்றால், முதலில் வீட்டிலோ தெரிந்தவரிடமோ கிடார் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறதா என்று பாருங்கள். மிக்சரில் ஹை-இசட் என்ற பொத்தான் இருந்தாலும் சரி. காசு செலவில்லாமல் காரியம் முடியும்.

3. அதுவும் இல்லையென்றால் சிறிய ப்ரீஆம்ப் பெட்டி. பெட்டியின் மேலோ குறிப்புத்தாளிலோ உள்ளீட்டு இம்பீடன்ஸ் 1 மெகா ஓம் அல்லது அதற்கு மேல் என்று எழுதியிருக்க வேண்டும். எழுதாத சரக்கை வாங்க வேண்டாம். எடை போடாத பொட்டலத்தை நாம் வாங்குவோமா?

4. பேட்டரி இல்லாத டிஐ பாக்ஸை ப்ரீஆம்ப் என்று கொடுத்தால் ஏமாறாதீர்கள். அதன் வாசல் சுமார் 140 கிலோ ஓம்தான். மெல்லிய பட்டைப் பிக்கப்புக்கு அது உதவாது.

5. நம்பிக்கையான ரேடியோ மெக்கானிக் இருந்தால், டிஎல்072 என்ற எட்டுக் கால் ஐசி, 1 அல்லது 2.2 மெகா ஓம் ரெசிஸ்டர், 9 வோல்ட் பேட்டரி ஆகியவற்றைக் கொண்டு சில நூறு ரூபாயில் கட்டித் தருவார். தகர டப்பாவுக்குள் வைத்து, டப்பாவை எர்த்தோடு சேர்க்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் டப்பாவானால் இரைச்சல் புகும்.

6. மிக்சருக்குப் போகும் நீண்ட ஒயர் பெட்டிக்குப் பிறகு வரட்டும். வாத்தியத்திலிருந்து பெட்டி வரை ஒயர் இரண்டு மூன்று மீட்டருக்குள் இருக்கட்டும். மெல்லிய பட்டைக்குப் பத்து மீட்டர் ஒயர் போட்டால் பாதி ஒலி ஒயரிலேயே போய்விடும்.

7. வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கி வையுங்கள். பெரும்பாலான பெட்டிகளில் ஒயர் செருகியிருக்கும் வரை பேட்டரி செலவாகிக்கொண்டே இருக்கும்.

கடையிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. மூன்றாம் கம்பியையும் முதல் கம்பியையும் ஒரே பலத்தில் மீட்டச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் தாழ்ந்த சுரம். அது மட்டும் மெலிந்து, வெறும் நகம் படும் ஓசையாகக் கேட்டால், வாசல் பொருந்தவில்லை என்று அர்த்தம். ஒலியைக் கூட்டிக் காட்டினால் மயங்க வேண்டாம். கூட்டினால் கீச்சுதான் கூடும்.

மேடையில் ஸ்பீக்கர்கள் பிள்ளைக்கு முன்னால், சபையைப் பார்த்து இருக்கட்டும். பின்னால் இருந்தால் எந்தப் பெட்டியும் ஊளையை நிறுத்தாது.

நம் நண்பர் விலை பேசிய பெட்டியை வாங்கவில்லை. ஐந்தாவதாகச் சொன்ன வழியில் ஒரு டப்பா கட்டிக்கொண்டார். ஆனால் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் அவர் முதலில் செய்தது வாசிக்கச் சொல்வது அல்ல. பேத்தியை அருகே உட்கார வைத்து, அன்று ஒயர் எங்கே போயிருந்தது என்பதை விளக்கினார். "அப்படின்னா தப்பு என் கையில இல்லையா தாத்தா?" என்று கேட்டாளாம். அதன் பிறகே உறை திறந்தது.

வியாபாரத்தில் நாம் கண்ட பாடமும் இதுவே. சரக்கு சரியில்லை என்று ஒதுக்குமுன் தராசைச் சரிபார்க்க வேண்டும். விலையைக் கேட்குமுன் தேவையின் அளவைக் கேட்க வேண்டும். அளவு தெரிந்தவருக்குச் சுமைகூலி ஒருபோதும் சரக்கின் விலையை மிஞ்சாது.