பேரிடரும் பிள்ளை மனமும்

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பணியில் இருந்துவிட்டு, தண்டவாளமே இல்லாத இந்தத் தீவில் என் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஓய்வுக் காலத்தைக் கழித்து வருகிறேன். நான் மருத்துவனும் அல்லன், உளவியல் கற்றவனும் அல்லன். டிப்ளமா படித்த பொறியாளன். ஆயினும் உளநலம் பற்றி எழுதத் துணிந்தமைக்கு ஒரு காரணம் உண்டு. இது குறித்து ஒரு தவற்றைச் செய்து, அதன் பிறகே பாடம் கற்றவன் நான். என் தவறு பிறருக்குப் பயன்படட்டும்.

1. பாம்பூஃப்ளாட்டில் ஒரு சிறுவன்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி அளவில் நிலம் குலுங்கியது. பின்னர் கடல் ஏறி வந்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை நாம் இழந்தோம். பெரும் இழப்பு நிக்கோபார் தீவுகளில்தான். தெற்கு அந்தமானில் உயிரிழப்பு குறைவு. ஆனால் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்துவிட்டதால், சிப்பிகாட் போன்ற இடங்களில் வயல்கள் உப்புநீரில் மூழ்கின.

பாம்பூஃப்ளாட்டில் என் அக்கா வீட்டில் சுவர் விரிந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. "ஆண்டவன் புண்ணியம், எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று தொலைபேசியில் சொன்னார்கள். நானும் நிம்மதி அடைந்தேன். அந்த "எல்லாரும்" என்ற சொல்லில் ஏழு வயதுப் பேரன் ஒருவன் விடுபட்டிருந்தான் என்பது 2005 மே மாதம் நான் விடுப்பில் வந்தபோதுதான் தெரிந்தது.

பையன் மீண்டும் படுக்கையை நனைக்கத் தொடங்கியிருந்தான். பாட்டியின் சேலைத் தலைப்பை விடுவதில்லை. நில அதிர்வுகள் மாதக்கணக்கில் தொடர்ந்ததால், சிறு சத்தம் கேட்டாலும் வாசலுக்கு ஓடினான். எல்லாவற்றுக்கும் மேலாக, சாத்தம் செல்லும் படகில் ஏற மறுத்தான். இவ்வூரைப் பற்றி அறியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பாம்பூஃப்ளாட்டிலிருந்து அக்கரைக்குப் படகில் கால்மணி நேரத்துக்குள் போய்விடலாம், சாலை வழியே போனால் வெகுதூரம் சுற்ற வேண்டும். ஆஸ்பத்திரி, கடைவீதி, பெரிய பள்ளிக்கூடம் எல்லாம் அக்கரையில். இங்கே படகுக்குப் பயந்த பிள்ளை வீட்டுக்குள் முடங்கிய பிள்ளைதான்.

நான் என்ன செய்தேன்? "ஆம்பளப் பிள்ளை அழலாமா? ஒரு தடவை ஏறிட்டா பயம் போயிடும், வாடா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படகுத்துறையில் நிறுத்தினேன். பையன் அங்கேயே வாந்தி எடுத்தான். அதன் பிறகு நான் ஊர் திரும்பும் வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்கா என்னைத் திட்டவில்லை. "தம்பி, நீ வேகமா ஓட்டப் பாக்கிறே" என்று மட்டும் சொன்னாள்.

அவள் செய்தது வேறு. தினமும் மாலையில் படகு கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், மேட்டுச் சாலையில் அவனோடு உட்கார்ந்தாள். இன்று எத்தனை படகு வந்தது என்று எண்ணச் சொன்னாள். எவ்வளவு கிட்டே போகலாம் என்பதை அவனே முடிவு செய்தான். சில வாரங்களுக்குப் பின், துறைக்குப் பக்கத்தில் வேலை பார்த்த தாத்தாவுக்குத் தேநீர்க் குடுவையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தாள். இரவில் அதே நேரத்தில் படுக்கை, அதே கதை.

ஓர் இரவு கதைக்கு நடுவே அவனாகவே சொன்னானாம்: "பாட்டி, தங்கச்சி கையைப் பிடிச்சுக்கன்னு அம்மா சொன்னாங்க. நான் விட்டுட்டு ஓடிட்டேன்." தங்கையை அடுத்த நிமிடமே பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டார், அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தச் செய்தி வீட்டில் யாருக்குமே நினைவில் இல்லை. ஆனால் அந்த ஏழு வயது நெஞ்சு ஐந்தாறு மாதம் அதைச் சுமந்திருக்கிறது. நாங்கள் கடலைக் கண்டு பயம் என்று நினைத்தோம். பயத்துக்கு அடியில் இருந்தது குற்ற உணர்வு.

2. மன உறுதி யாருக்குச் சொந்தம்?

வள்ளுவர் "இடுக்கண் அழியாமை" என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். மேடைகளில் அதைத் தனிமனிதனுக்குச் சொன்ன அறிவுரையாகவே நாம் எடுத்துக்காட்டுகிறோம். ஆனால் அந்த 63ஆம் அதிகாரம் அமைந்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள். பொருட்பாலில் அரசியல் என்னும் இயலின் கடைசி அதிகாரம் அது. ஆளும் பொறுப்பில் இருப்பவனுக்குச் சொன்ன பாடத்தை அழும் குழந்தையின் தலையில் ஏற்றுவது முறையாகாது. துன்பத்தில் கலங்காதிருக்க வேண்டியவர்கள் முதலில் பெரியவர்களாகிய நாம்.

இதற்கு ஓர் ஆய்வும் துணை நிற்கிறது. அதுவும் ஒரு தீவில் நடந்ததே. ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் உள்ள கவாய் என்னும் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் நோய் எனப் பல இடர்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல திறமையும் அன்பும் உள்ள மனிதர்களாக உருவானார்கள். அவர்களுக்குத் துணை நின்றவற்றுள் முக்கியமானது, தங்களை மாறாத அன்போடு ஏற்றுக்கொண்ட ஒரு பெரியவராவது வாழ்வில் இருந்தது. அவர் தாயாகவோ தந்தையாகவோதான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியாகவோ ஆசிரியராகவோ அண்டை வீட்டாராகவோ இருக்கலாம்.

என் தொழிலில் இதை வேறு விதமாக அறிவேன். வெயிலில் நீளும் தண்டவாளம் வளையாமல் நிற்பது இரும்பின் பலத்தால் மட்டும் அன்று. கீழே இருக்கும் ஸ்லீப்பர் கட்டைகளும் சுற்றிலும் இறுகக் கிடக்கும் ஜல்லியும் அதை இடம் பெயராமல் பிடித்துக்கொள்கின்றன. ஜல்லியைக் கிளறிப்போட்டால் எவ்வளவு தரமான இரும்பும் வெயிலில் நெளிந்துவிடும். குடும்பமும் தெருவும் பள்ளிக்கூடமும் பிள்ளை மனத்துக்கு ஜல்லி போன்றவை.

3. நிக்கோபார் தரும் பாடம்

சுனாமிக்குப் பிறகு பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலிருந்து மனநல மருத்துவர்கள் இத்தீவுகளுக்கு வந்து முகாம்களில் பணியாற்றினார்கள். முதல் மூன்று மாத அனுபவத்தை வைத்து அவர்கள் பின்னர் வெளியிட்ட ஆய்வில் இரண்டு செய்திகள் நமக்கு முக்கியமானவை.

முதலாவது, சொந்த இடத்தை விட்டுப் பெயர்க்கப்பட்டவர்களிடம் மனநலக் கோளாறு 5.2 விழுக்காடு, இடம் பெயராதவர்களிடம் 2.8 விழுக்காடு. அலை மட்டுமன்றி, அலைக்குப் பின் வந்த இடப்பெயர்ச்சியும் மனத்தை வருத்துகிறது என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, மிகக் கொடிய அழிவைக் கண்ட நிக்கோபார்ப் பழங்குடியினரிடம் தொடக்கக் காலத்தில் மீண்டெழும் ஆற்றல் மிகுந்திருந்தது. அதற்குத் துணையாக அவர்கள் கண்டது கூட்டுக் குடும்ப முறையை. "துஹேத்" என்பது அம்மக்களின் பெருங்குடும்பம். நிலமும் தென்னந்தோப்பும் துஹேத்தின் பொதுச் சொத்து, பிள்ளைகளும் அப்படித்தான். தாய் தந்தையை இழந்த பிள்ளைக்கு அங்கே வேறு தாய்களும் தந்தைகளும் இருக்கிறார்கள்.

ஆனால் பின்னர் நடந்தது வருந்தத்தக்கது. உதவி நல்லெண்ணத்தோடுதான் வந்தது. ஆயினும் அது கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற சிறு குடும்பக் கணக்கில் வந்தது. இழப்பீடு தனித்தனிக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்குப் போனது. தகரக் கொட்டகைகளும், பிறகு கட்டிய நிரந்தர வீடுகளும் வரிசை வரிசையாக அமைந்தன. ஒரே துஹேத்தைச் சேர்ந்தவர்கள் பிரிந்து வாழ நேர்ந்தது. தோப்பில் வேலை இல்லாமல், கையில் பணத்தோடு உட்கார்ந்திருந்த இளைஞர்களிடையே குடியும் பெருகியது. வீடு கட்டினோம், ஜல்லியைக் கிளறிவிட்டோம்.

நம்மவர் கதையும் இதில் உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. ஒருமுறை வேர் பறிக்கப்பட்டவர்களின் தீவை 2004இல் கடலும் தாக்கியது.

யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், போரும் ஆழிப்பேரலையும் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகின்றன என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் மருந்தும் குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே தரப்பட வேண்டும் அல்லவா?

4. நாம் செய்யத்தக்கவை

பேரிடர் என்றால் சுனாமி மட்டும் அன்று. தந்தையின் குடி, வீட்டில் ஒரு மரணம், வேலை இழப்பு, ஊர் மாற்றம், தேர்வுத் தோல்வி ஆகிய எல்லாமே ஒரு பிள்ளைக்கு நில நடுக்கந்தான். அப்போது பின்வருவனவற்றை நினைவில் கொள்க.

(அ) பிள்ளையை உற்றவரிடமிருந்து பிரிக்காதீர்கள். "அங்கே போனால் நன்றாகப் படிப்பான்" என்று உடனே வேறு ஊருக்கு அனுப்புவது பெரும்பாலும் இரண்டாவது பேரிடர்.

(ஆ) அன்றாட ஒழுங்கைத் திரும்பக் கொண்டு வாருங்கள். குறித்த நேரத்தில் உணவு, உறக்கம், பள்ளி, விளையாட்டு. நாளை என்ன நடக்கும் என்று தெரிந்தாலே பாதி அச்சம் குறையும்.

(இ) உண்மையைச் சிறு அளவில் சொல்லுங்கள். இறந்தவர் "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று பொய் சொல்லாதீர்கள்.

(ஈ) பேச இடம் கொடுங்கள். பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். உளவியல் முதலுதவி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட கையேட்டின் சாரம் மூன்றே சொற்கள்: பார், கேள், இணை. நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டச் சொல்வது உதவாது. படம் வரைதல், மண்ணில் விளையாடுதல் வழியாகவும் பிள்ளைகள் பேசுவார்கள். அலை வந்து வீட்டை இடிப்பதாக விளையாடினால் அதட்டாதீர்கள்.

(உ) "உன் மேல் தப்பில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிள்ளை கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். பெரியவர்கள் அறியாத ஒரு குற்றத்தைப் பிள்ளை தன்மேல் சுமத்திக்கொண்டிருக்கக்கூடும்.

(ஊ) வயதுக்கேற்ற ஒரு சிறு பொறுப்பைக் கொடுங்கள். உதவி பெறுபவனாக மட்டுமே இருப்பது மனத்தைத் தளர்த்தும். உதவி செய்பவனாக ஆவது நிமிர்த்தும்.

(எ) வேகம் வேண்டாம். தண்டவாளத்தைப் பழுது பார்த்த பிறகு முதல் இரயிலை முழு வேகத்தில் விடமாட்டோம். வேகக் கட்டுப்பாட்டு உத்தரவு கொடுத்து, ஜல்லி இறுக இறுகப் படிப்படியாக வேகத்தைக் கூட்டுவோம். இந்த விதியை நாள்தோறும் கையாண்ட நான் அதை ஒரு குழந்தையிடம் மறந்தேன். அக்காவுக்கு அந்த விதி யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

5. எப்போது மருத்துவரை நாடுவது?

பேரிடருக்குப் பின் சில வாரங்கள் அச்சமும் உறக்கமின்மையும் இருப்பது இயல்பே; பெரும்பாலான பிள்ளைகள் மேற்கண்ட ஆதரவோடு தேறிவிடுவார்கள். ஆனால் ஒரு மாதத்துக்கு மேலும் உறக்கமும் உணவும் சீர்படவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறது, யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குகிறது என்றால் காத்திருக்க வேண்டாம். சாக வேண்டும் என்று ஒரு முறை சொன்னாலும் அன்றே மருத்துவரை நாடுங்கள். நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் தொலைபேசிச் சேவையில், 14416 என்ற எண்ணில் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. மனநல மருத்துவரிடம் போவதை மறைக்க வேண்டிய அவமானமாகக் கருதும் வழக்கம் நம்மிடையே ஒழிய வேண்டும். கால் முறிந்தால் கட்டுப் போடுகிறோம். மனம் முறிந்தால் மட்டும் மந்திரம் போதும் என்பது எவ்வகை நியாயம்?

6. சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஊரை விட்டு வந்த நமக்குத் தாய்மாமனும் அத்தையும் பெரும்பாலும் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள். இங்கே நமக்குத் துஹேத் என்று ஒன்று உண்டென்றால் அது இச்சங்கந்தான். பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடக்கட்டும். அத்தோடு, ஒரு வீட்டில் துயரம் நேர்ந்தால் அவ்வீட்டுப் பிள்ளைகளை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்துவரும் பொறுப்பை ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் ஏற்றுக்கொண்டால் என்ன? பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நாம் கலைந்துவிடுகிறோம். பிள்ளைக்கு அப்போதுதான் துக்கம் தொடங்குகிறது.

அந்தச் சிறுவன் இப்போது இளைஞன். நாள்தோறும் படகில் அக்கரைக்கு வேலைக்குப் போய் வருகிறான். இன்றும் கரை தெரியும் பக்கந்தான் நிற்பான். அவன் வடு மறையவில்லை; அதோடு வாழக் கற்றுக்கொண்டான். என்னை மன்னித்துவிட்டான் என்றே நினைக்கிறேன். சென்ற மாதம் மூட்டு வலியோடு நான் படகில் ஏறத் தடுமாறியபோது, பின்னாலிருந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அவசரப்படாதீங்க தாத்தா, மெதுவா ஏறுங்க" என்றான்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. நம் தெருவில் சென்ற ஓராண்டில் துயரம் கண்ட வீடுகள் எவை? அவ்வீட்டுப் பிள்ளைகளோடு கடைசியாக எப்போது பேசினோம்?

2. நம் பிள்ளைக்கு, நம்மைத் தவிர, மனம் விட்டுப் பேசக்கூடிய பெரியவர் ஒருவராவது இருக்கிறாரா? அவர் யார்?

3. உதவி என்று எண்ணி நாம் செய்த எதுவேனும், ஒரு குடும்பத்தின் கட்டை அவிழ்த்துவிட்டதா?