மோத்தாவா, கொரேராவா? பேர்ச் சண்டைக்கு அக்கா சொல்லும் வழி

கல்யாணம் ஆகல, பிள்ளை பிறக்கப் போகுது. "எங்க வீட்டு மோத்தாதான் வரணும்"னு அவன் நிக்கான். "சுமக்கிறது நான், கொரேராதான்"னு நீ நிக்க. தமிழ்நாட்டுல மத்த ஊர்க்காரங்க பெரும்பாலும் இன்ஷியலோட முடிச்சிருவாங்க. நம்ம தூத்துக்குடி கடற்கரைக்கு இன்ஷியலும் உண்டு, குடும்பப்பேரும் உண்டு, அதனால சண்டையும் ரெண்டு மடங்கு.

முதல்ல, பேருக்கு அவசரமே இல்ல. பிறப்பைத்தான் 21 நாளுக்குள்ள பதியணும், ஆஸ்பத்திரியில பிறந்தா அவங்களே தகவல் கொடுத்திருவாங்க. பிள்ளை பேருக்கான கட்டத்தைக் காலியா விட்டே பதியலாம். 12 மாசத்துக்குள்ள பேரைச் சேர்த்தா கட்டணம் கிடையாது. அதுக்குப் பிறகு 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். ஆனா ஒருதடவை பதிஞ்ச பேரை, மனசு மாறிட்டுன்னு சொல்லி லேசுல மாத்த விடமாட்டாங்க. அதனால பிரசவ வார்டுல ரெண்டு வீட்டுப் பெரியவங்களும் முறைச்சுக்கிட்டு நிக்கையில எந்தத் தாளையும் நிரப்பாத.

இன்னொண்ணு. நீங்க சண்டை போடுறது குடும்பப்பேருக்கு. அதைவிடப் பெரிய விஷயம் 'தகப்பன் பெயர்'ங்கிற கட்டம். ரெண்டும் வேற வேற. அவன் பிள்ளையை ஏத்துக்கிட்டு நின்னா, தகப்பன் கட்டத்துல அவன் பேரும் பிள்ளை பேருக்குப் பின்னால உன் குடும்பப்பேரும் இருக்கலாம். அவன் நிக்கலையா? 2015 ஜூலை 6-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்கு. டெல்லியில கல்யாணம் ஆகாத ஒரு கிறிஸ்தவத் தாய் தொடுத்த வழக்கு அது. கார்டியன்ஷிப் கேட்க தகப்பன் பேரைச் சொல்லவும் வேண்டாம், அவனுக்கு நோட்டீஸும் வேண்டாம்னு கோர்ட் சொல்லிட்டு. தனித்தாய் பிறப்புச் சான்றிதழ் கேட்டா அபிடவிட் வாங்கிக்கிட்டுக் கொடுக்கணும்னும் சொல்லியிருக்கு. கவுண்டர்ல "அப்பா பேர் இல்லாம முடியாது"ன்னா வாக்குவாதம் பண்ணாத, தீர்ப்பு நகலை நீட்டு. இந்துவா இருந்தா 1956-ம் வருஷச் சட்டமே, கல்யாணம் ஆகாத பெற்றோரோட பிள்ளைக்கு அம்மாதான் முதல் கார்டியன், அப்பா அதுக்குப் பிறகுன்னு சொல்லுது.

"என் பேர் வந்தாத்தான் செலவுக்குத் தருவேன்"னு யாராவது மிரட்டினா பயப்படாத. பிள்ளைக்கு ஜீவனாம்சம் குடும்பப்பேரைப் பார்த்து வர்றதில்ல. பெத்தவங்களுக்குக் கல்யாணம் ஆகலன்னாலும் தகப்பன் கொடுத்தாகணும். முன்னாடி 125-வது பிரிவுன்னு சொன்னது, 2024 ஜூலையில இருந்து புதுச் சட்டத்துல 144.

ஞானஸ்நானம் கொடுக்கையிலயும் இந்தக் கேள்வி வரும். திருச்சபைச் சட்டம் 877 படி, நீயா கேட்டா உன் பேரைப் பதிவேட்டுல எழுதணும். அவன் பேரை எழுத அரசு ஆவணம் இருக்கணும், இல்லன்னா பங்குச்சாமியார் முன்னாடி, ரெண்டு சாட்சி வச்சு அவனே ஒப்புக்கணும். கோயில்ல ஒரு பேர், மாநகராட்சியில ஒரு பேர்னு மட்டும் ஆக்கிராத.

இப்ப பாட்டன் பூட்டன் பெருமைக்கு வருவோம். கொற்கையில முத்துக் குளிச்ச காலத்துல மோத்தாவும் கிடையாது, கொரேராவும் கிடையாது. 1530-கள்ல நம்ம ஆளுக கூட்டங்கூட்டமா ஞானஸ்நானம் வாங்கினபோது போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து வந்த பேருக இதெல்லாம். ரெண்டு வீட்டுக்குமே இரவல்தான். இதை உங்க மாமியார் ஆகப்போறவங்க காதுல விழற மாதிரி சொல்லாத, அவன்கிட்ட மட்டும் சொல்லு.

ரெண்டு பேருக்கும் மனசு ஆறணும்னா, ஒரு குடும்பப்பேரை நடுவுல வச்சு இன்னொண்ணைக் கடைசியில வை. ரோச் விக்டோரியான்னு ரெட்டைப் பேர் இந்த ஊருக்குப் புதுசா என்ன? ஆனா மூணு, நாலுன்னு நீட்டிராத, பரீட்சைத் தாள்ல பிள்ளைதான் எழுதணும்.

எழுத்தையும் பார்த்துக்க. வல்லநாட்டுத் தண்ணியை ஊருக்குக் கொண்டுவந்த குரூஸ் பர்னாந்து பேரையே ஆளுக்கொரு விதமா எழுதுற ஊரு இது. பர்னாந்து, பெர்னாண்டோ, பெர்னாண்டஸ் எல்லாம் ஒண்ணுதான்னு நமக்குத் தெரியும், பாஸ்போர்ட் ஆபீசுக்குத் தெரியாது. உங்க ஆதார்ல எப்படியோ அப்படியே பிள்ளைக்கும் எழுது. பாஸ்போர்ட்ல இன்ஷியலை விரிச்சு எழுதச் சொல்லுவாங்க. அதனால இன்ஷியல் எந்தப் பேரைக் குறிக்குதுங்கிறதையும் இப்பவே முடிவு பண்ணிரு. கப்பல் வேலைக்குப் போன நம்ம பையன்கள்கிட்ட கேளு, ஒரு எழுத்து மாறினா என்ன அலைச்சல்னு கதைகதையா சொல்லுவாங்க.

இத்தனைக்கும் ஒத்து வரலன்னா என் தீர்ப்பு இதுதான்: உன் குடும்பப்பேரையே வை, தகப்பன் கட்டத்தை அவனுக்கு விடு. நாளைக்குக் கல்யாணம் நடந்தாலும் நடக்காட்டாலும் ஆஸ்பத்திரிக்கும் ஸ்கூலுக்கும் பிள்ளையைத் தூக்கிட்டு முதல்ல ஓடப்போறது நீ. 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு ஸ்கூல்ல சேர்க்கவும் பிறப்புச் சான்றிதழ்தான் கேக்காங்க. அதனால முதல் பிறந்தநாள் கேக் வெட்டுறதுக்கு முன்னாடி பேரைப் பதிஞ்சிரு.