அம்பிளிபயரை அளக்க எந்த யூஎஸ்பி கருவி?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும் சின்ன அம்பிளிபயர் பலகைகள் பலவற்றில் டிபிஏ3116 என்ற சில்லுதான் இருக்கும். பெட்டியில் பக்கத்துக்கு 50 வாற்று என்று எழுதியிருப்பார்கள். 21 வோல்ற்று மின்வழங்கலும் 4 ஓம் ஸ்பீக்கரும் இருந்தால் அது உண்மை. அதையே 12 வோல்ற்று, 5 அம்பியர் அடப்டரில் ஓட்டினால், அடப்டர் தருவதே மொத்தம் 60 வாற்றுத்தான். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் பக்கத்துக்கு 9 வாற்றுக்கு மேல் சுத்தமாக வராது. இவ்வளவையும் அறிய ஒரு கருவியும் வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும். பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் அச்சடித்த வாற்றுகளை எண்ணிக்கையிலேயே சேர்க்க வேண்டாம். இப்படியான விளம்பரக் கணக்குகளைத் தடுக்கத்தான் அமெரிக்க வணிக ஆணைக்குழு 1974இலேயே அம்பிளிபயர் வலுவுக்குத் தனி விதி கொண்டுவந்தது.

ஆனால் திரிபு எவ்வளவு, இரைச்சல் எவ்வளவு, திருத்திய பிறகு முன்பிருந்த நிலைக்கு வந்துவிட்டதா என்று அறிய அளந்தே ஆக வேண்டும். ஒலித்துறை ஆய்வுகூடங்களில் இருக்கும் ஓடியோ பிரிசிஷன் கருவிகள் பல ஆயிரம் டொலர். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அந்த விலையை நினைத்தும் பார்க்க முடியாது. நமக்கு எட்டுவது மடிக்கணினியில் செருகும் யூஎஸ்பி கருவிகள். அவற்றில் மூன்று வகையை ஒப்பிடுகிறேன்.

முதலாவது, பாட்டுப் பதிவுக்கென்று விற்கும் ஓடியோ இன்டர்பேஸ். பெஹ்ரிங்கர் யூஎம்சி202எச்டி போன்ற 24 பிட் பெட்டி ஒன்றும், ரூம் ஈக்யூ விசாட் என்ற இலவச மென்பொருளும் சேர்ந்தால் திரிபு, இரைச்சல், மீடிறன் வளைவு எல்லாம் திரையில் வந்துவிடும். வெள்ளவத்தை மாடிவீட்டில் இரண்டு ஸ்பீக்கரும் ஒரு சின்ன அம்பிளிபயரும் வைத்துப் பாட்டுக் கேட்பவருக்கு இதற்கு மேல் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. முதல் வேலையாக அதன் வெளியீட்டை ஒரு வயரால் அதன் உள்ளீட்டிலேயே கொடுத்து அளந்து பாருங்கள். அங்கே வரும் திரிபு கருவியுடைய சொந்தத் திரிபு. அம்பிளிபயரின் திரிபு அதைவிடக் குறைவாக இருந்தால் இந்தப் பெட்டியால் அதைப் பிரித்துக் காட்ட முடியாது.

இதில் ஒரு குறை உண்டு. திரையில் வரும் அளவு எத்தனை வோல்ற்று என்று பெட்டிக்குத் தெரியாது, மல்ரிமீற்றரால் நீங்கள்தான் பொருத்திக் கொடுக்க வேண்டும். மலிவான மல்ரிமீற்றர்கள் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேட்ஸுக்காகச் செய்யப்பட்டவை, 1 கிலோஹேட்ஸில் சில பிழையாகக் காட்டும். ஆகவே பொருத்தும்போது மட்டும் 60 ஹேட்ஸ் தொனியைக் கொடுங்கள்.

இரண்டாவது, யூஎஸ்பி அலைவுகாட்டி. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்குக் கதோட்டுக் கதிர் அலைவுகாட்டி நினைவிருக்கும், அது செய்த வேலையை இது கணினித் திரையில் செய்கிறது. ஹன்டெக் 6022பிஈ மலிவானது, ஆனால் 8 பிட். 8 பிட்டில் கணக்குப்படியே 50 டெசிபெல் அளவுக்குத்தான் நுணுக்கம் கிடைக்கும், 0.1 வீதத் திரிபை அதில் தேடுவது வீண். டிஜிலென்டின் அனலொக் டிஸ்கவரி 14 பிட், கணக்குப்படி 86 டெசிபெல், விலையும் அதற்கேற்றபடி. அப்படியானால் இந்த வகை எதற்கு? ஓடியோ இன்டர்பேஸ் கூடினால் 96 கிலோஹேட்ஸ் வரைதான் பார்க்கும். பழுதான அம்பிளிபயர் ஒன்று காதுக்குக் கேட்காத மீடிறனில், சில வேளை மெகாஹேட்ஸில், தானாக அலைந்துகொண்டிருக்கும். ஸ்பீக்கரில் சத்தமே இராது, வெளியீட்டு திரான்சிஸ்டர் மட்டும் கொதிக்கும். அதைக் காட்டிக்கொடுப்பது அலைவுகாட்டிதான். திருத்துவது தொழிலாக இருந்தால் முதலில் இதை வாங்குங்கள்.

மூன்றாவது, இதற்கென்றே செய்த கருவி: க்வாண்டஅசைலம் நிறுவனத்தின் கியூஏ403. 500 டொலருக்கு மேல், இறக்குமதி வரி வேறு. கொடுத்த காசுக்கு இரண்டு பெரிய வசதிகள் உண்டு. வோல்ற்றளவு தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வருகிறது. அளக்கும் பகுதி கணினியின் புவியிலிருந்து மின்முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது.

இந்த இரண்டாவது வசதியின் அருமையை விளங்கிக்கொள்ள வேண்டும். டிபிஏ3116 போன்ற சில்லுகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையும் உயிருள்ளவை, எதுவும் புவியல்ல. இன்டர்பேஸின் அல்லது அலைவுகாட்டியின் புவி வயரை அதில் ஒரு முனையில் கொளுவினால், மடிக்கணினியின் சார்ஜர் வழியாகவோ உள்ளீட்டு வயர் வழியாகவோ வெளியீடு குறுஞ்சுற்றாகிவிடும். பலகை எரியலாம், கணினியின் யூஎஸ்பி துளையும் போகலாம். பாதுகாப்பான முறை இதுதான்: இரண்டு முனைக்கும் தனித்தனியாக வோல்ற்றைக் குறைத்து, இன்டர்பேஸின் சமநிலை உள்ளீட்டுக்கு இரண்டையும் கொடுங்கள். புவியை அம்பிளிபயர் மின்வழங்கலின் மறை முனையோடு மட்டும் சேருங்கள். மடிக்கணினியைப் பற்றரியில் ஓட்டுங்கள். பற்றரியில் ஓட்டினால் 50 ஹேட்ஸ் உறுமலும் பெரும்பாலும் அடங்கும். 100 ஹேட்ஸில் கோடு நின்றால் அது அம்பிளிபயரின் சொந்த மின்வழங்கலிலிருந்து வருவது, வடிகட்டும் கொள்ளளவியைப் பாருங்கள்.

எந்தக் கருவியை எடுத்தாலும் அதற்கு முன் வாங்க வேண்டிய இரண்டு சாமான்கள் உண்டு. கருவியின் விலையைப் பற்றியே பேசிப் பேசி இவற்றை மறந்துவிடுகிறோம். ஸ்பீக்கருக்குப் பதிலாகப் போடும் சுமைத் தடை ஒன்று: 8 ஓம், 100 வாற்று, பொன்னிற அலுமினிய உறை போட்டது. அந்த 100 வாற்று, தடையை நல்ல பருமனான வெப்பம் கடத்தும் தகட்டில் பூட்டினால் மட்டுமே. சுமையில்லாமல் எடுத்த அளவு அம்பிளிபயரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மற்றது வோல்ற்றுக் குறைப்பான். 50 வாற்று என்றால் 8 ஓமில் 20 வோல்ற்று, அதை நேரே கருவிக்குள் விடக்கூடாது. 10 கிலோஓமையும் 1 கிலோஓமையும் தொடராகக் கட்டி, சிறியதன் குறுக்கே எடுத்தால் 20 வோல்ற்று 1.8 ஆகும். பிறகு 1 கிலோஹேட்ஸ் தொனியைக் கொடுத்து, திரிபு 1 வீதத்தைத் தொடும்வரை சத்தத்தைக் கூட்டி, அப்போது சுமையின் குறுக்கே நிற்கும் (குறைப்பானுக்கு முந்திய) வோல்ற்றை வர்க்கித்து 8ஆல் பிரியுங்கள். உங்கள் அம்பிளிபயரின் வாற்று அதுதான்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் கதை வேறு. அங்கே கோயில் திருவிழாவுக்கும் கொச்சிக்கடை அந்தோனியார் பெருநாளுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள் நீண்ட வயர் இழுக்க வேண்டியிருப்பதால் 100 வோல்ற்று வழி உள்ள அம்பிளிபயர்களைக் கொண்டுவருவார்கள். முழு வலுவில் அந்த முனையில் 100 வோல்ற்று நிற்கும், உச்சத்திலிருந்து உச்சத்துக்கு 283. மேலே சொன்ன குறைப்பான் இதற்குப் போதாது, 100 கிலோஓமும் 1 கிலோஓமும் வேண்டும். சுமையும் 8 ஓமல்ல: 100 வாற்று அம்பிளிபயருக்கு 100 ஓம். தொட்டால் ஆபத்து, வயரை மாற்றுமுன் மின்னை நிறுத்துங்கள்.

காசைச் செலவழிக்கும் ஒழுங்கை இப்படிச் சொல்வேன். கேட்பவர்: சுமைத் தடை, குறைப்பான், ஓடியோ இன்டர்பேஸ். அத்தோடு நிறுத்தலாம். திருத்துபவர்: அதே சுமைத் தடையும் குறைப்பானும், மலிவான அலைவுகாட்டி, கைக்குக் காசு வரும்போது இன்டர்பேஸ். கியூஏ403 தனியொருவர் மேசையில் மாதக்கணக்கில் தூங்குவதற்கான கருவியல்ல. கொட்டாஞ்சேனையில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, திருவிழாக் காலத்துக்கு முன் எல்லா அம்பிளிபயரையும் ஒரே கருவியில் அளந்து, வாற்றையும் திரிபையும் பெட்டியின் பின்புறம் ஒட்டிவையுங்கள்.