தொடக்கப் பள்ளியில் கதை நூல்கள்

ஓர் ஊர் முன்னேறியிருக்கிறதா என்று அறிய விரும்புவோர், அங்குச் சாலை செம்மையாக உள்ளதா, குழாயில் குடிநீர் வருகிறதா, தெருவிளக்கு எரிகிறதா என்று பார்ப்பது வழக்கம். இவை யாவும் வேண்டியவையே. ஆயினும் இவற்றுடன் இன்னுமொரு சோதனையையும் நாம் செய்து பார்த்தல் நலம். ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பயிலும் பிள்ளை ஒன்றை அழைத்து, அது முன்பு கண்டிராத ஒரு சிறு நூலைக் கையில் கொடுத்து, ஒரு பக்கம் படிக்கச் சொல்ல வேண்டும். அப்பிள்ளை படித்து, படித்ததன் பொருளையும் தன் சொற்களிலேயே கூறுமாயின், அவ்வூரின் எதிர்காலத்தைப் பற்றி நாம் பெரிதும் கவலைகொள்ள வேண்டுவதில்லை.

இச்சோதனையை நாம் சில ஊர்களில் செய்து பார்த்ததுண்டு. ஓரிடத்தில் ஒரு சிறுமி பாடப் புத்தகத்தை ஏந்திக் கணீரென்று படித்தாள். இடையே காற்றில் பக்கம் புரண்டுவிட்டது. அவளோ நிறுத்தவில்லை. பழைய பக்கத்துப் பாடமே அவள் வாயிலிருந்து தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. அவள் படிக்கவில்லை, ஒப்பித்தாள் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. வேறொரு சிறு கதை நூலைக் கொடுத்தபோது முதற் சொல்லிலேயே நின்றுவிட்டாள். குற்றம் அச்சிறுமியினுடையதன்று. ஆண்டு முழுவதும் ஒரே புத்தகத்தைக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, புதிய சொல்லை எழுத்துக் கூட்டிப் பொருள் காணவேண்டிய தேவையே நேரவில்லை.

இது பள்ளியோடு முடிந்துபோகும் விஷயமன்று. பூச்சிமருந்துப் புட்டியின்மேல் அச்சிட்டுள்ள எச்சரிக்கையைப் படிக்க இயலாமல் அளவு தவறிக் கலப்பதும், கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமலே கையொப்பமிடுவதும் என்ன துன்பம் விளைக்கும் என்பதை விவசாயப் பெருமக்கள் நன்கு அறிவர். கையொப்பமிடத் தெரிந்தவர் யாவரும் படிக்கத் தெரிந்தவரல்லர். இவ்வேறுபாடு தோன்றும் இடம் தொடக்கப் பள்ளியே. அதை அங்கேயே போக்குதற்குரிய எளிய கருவி, பிள்ளைகள் விரும்பிப் படிக்கும் கதை நூலாகும்.

நூல்கள் இல்லாமல் இல்லை

கதை நூல்களுக்கு ஊரார் எங்கே போவது என்று சிலர் கேட்கலாம். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் இருத்தல் வேண்டும் என்றும், அதில் செய்தித்தாள், இதழ்களுடன் கதை நூல்களும் இருத்தல் வேண்டும் என்றும் அட்டவணையில் வகுத்துள்ளது. 2006 முதல் 2011 வரை நடைபெற்ற அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின்கீழ் ஊராட்சிதோறும் நூலகங்கள் கட்டப்பட்டன. பள்ளிக் கல்வித் துறை 2023ஆம் ஆண்டு தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில், நுழை, நட, ஓடு, பற என நான்கு படிகளாகச் சிறு நூல்கள் வெளிவந்தன. ஆகவே, பல ஊர்களில் குறை நூலில் இல்லை. நூல் பிள்ளையின் கைக்கு வராமையிலேயே உள்ளது.

இதற்குக் காரணம் யாது? பெரும்பாலும் ஒரு பூட்டுத்தான். நூல் கிழிந்தாலோ காணாமற்போனாலோ இருப்புப் பதிவேட்டுக்கு விடை சொல்லவேண்டியவர் தலைமையாசிரியர். ஆதலின், அலமாரியைப் பூட்டிச் சாவியைப் பத்திரமாக வைத்துக்கொள்வதே அவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. தணிக்கையில் நூல்கள் யாவும் புத்தம் புதியனவாகக் காணப்படும். ஆனால், குதிரிலேயே கிடந்து புழுத்துப்போன விதைநெல்லைக் கண்டு எந்த விவசாயியும் மகிழ்வதில்லை. சீர்காழியில் பிறந்து நூலகவியலுக்கு ஐந்து விதிகள் வகுத்துத் தந்த எஸ். ஆர். இரங்கநாதன், நூல் காத்து வைப்பதற்கன்று, எடுத்து ஆள்வதற்கே என்பதையே 1931ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் முதல் விதியாக வைத்தார்.

கிஜுபாய் காட்டிய வழி

கதை நூலை வகுப்பறையின் நடுவே கொண்டுவந்த முன்னோடிகளுள் ஒருவர் கிஜுபாய் பதேகா (1885–1939). வழக்கறிஞராயிருந்து ஆசிரியரான இவர், குஜராத்தின் பாவ்நகரில் 1920ஆம் ஆண்டு குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ‘பகல் கனவு’ என்ற பெயரில் தமிழிலும் வந்துள்ள இவரது நூலில், ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பு ஒன்றை ஏற்கிறார். முதல் நாள் பிள்ளைகளை அமைதிப்படுத்த அவர் செய்த முயற்சி கூச்சலில் முடிகிறது. பின்பு கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு அடங்கிச் செவிசாய்க்கிறது. நாளடைவில், பாடப் புத்தகம் வாங்கப் பிள்ளைகள் கொணரும் பணத்தைச் சேர்த்துக் கதை நூல்கள் வாங்கி, வகுப்பிலேயே ஒரு நூலகம் அமைக்கிறார். கேட்ட கதையைத் தாமே படிக்கவேண்டும் என்ற ஆசை பிள்ளைகளுக்கு உண்டாகிறது. படிப்பில் ஆசை முந்தி வரவேண்டும், பயிற்சி அதன்பின் வரவேண்டும் என்பதே இதிலிருந்து நாம் அறியத்தக்கது.

வகுப்பில் செய்யத்தக்கவை

ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் வைத்துக்கொண்டு ஆசிரியர் இவற்றையெல்லாம் எவ்வாறு செய்வார் என்ற ஐயம் எழலாம். கதை எல்லா வகுப்புக்கும் பொதுவானது. ஒரே கதையை ஐந்து வகுப்பும் சேர்ந்து கேட்கலாம். பின்னர் அவரவர் தரத்திற்கேற்ற வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம். இதற்குப் பழைய நாட்காட்டித் தாளின் பின்புறம், அட்டைத் துண்டு, புளியங்கொட்டை, வண்ணச் சுண்ணக்கட்டி ஆகியவையே போதும்.

முதலாவது, வாசித்துக் காட்டல். ஆசிரியர் நூலைப் பிள்ளைகளுக்குப் படம் தெரியுமாறு பிடித்து, சொற்களின்மேல் விரலை ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டும். கதை திரும்பும் இடத்தில் நிறுத்தி, இனி என்ன நடக்கும் என்று கேட்க வேண்டும். விடை சரியா தவறா என்பது முக்கியமன்று. ஊகித்த பிள்ளை, தன் ஊகம் பலித்ததா என்று அறியும் ஆவலால் அடுத்த பக்கத்தை நாடும். அந்த ஆவலே படிப்பின் வேர்.

இரண்டாவது, கதையைக் கலைத்துச் சேர்த்தல். பாட்டியிடம் காகம் வடையைக் கவர்ந்து, பின் நரியிடம் இழந்த கதையை அறியாத பிள்ளை நம் நாட்டில் இல்லை. அக்கதையை ஆறு படங்களாக அட்டையில் வரைந்து கலைத்துவிட்டு, முறையாக அடுக்கச் சொல்லலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படத்தை அடுக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொரு படத்தின்கீழும் ஒரு சொல்லட்டையை வைக்கும். மூன்றாம் வகுப்பு ஒவ்வொரு படத்திற்கும் ஒரு வாக்கியம் எழுதும். நான்காம், ஐந்தாம் வகுப்பினர் அதே கதையைப் பாட்டி சொல்வதுபோலவும் காகம் சொல்வதுபோலவும் எழுதலாம். பாட்டி சுட்டது 10 வடை, ஒன்றைக் காகம் கொண்டுபோயிற்று, வடை ஒன்று 5 ரூபாய் எனில் பாட்டிக்குக் கிடைத்தது எவ்வளவு என்று கேட்டால், 45 ரூபாய் என்று கணக்கும் அதிலேயே வந்துவிடும். காகத்தைத் தண்டிக்க வேண்டுமா, நரியையா என்று ஒரு சிறு பஞ்சாயத்தும் கூட்டலாம். பேசக் கூசும் பிள்ளையும் காகத்திற்காக வாதாட எழுந்து நிற்கும்.

மூன்றாவது, நூலிலிருந்து வயலுக்குச் செல்லுதல். 1969ஆம் ஆண்டு எரிக் கார்ல் என்பவர் எழுதி வரைந்த ஒரு படநூல், பசி மிகுந்த ஒரு சிறு புழுவைப் பற்றியது. அப்புழு திங்கட்கிழமை ஒரு பழம், செவ்வாய்க்கிழமை இரண்டு என வெள்ளிக்கிழமை ஐந்து வரை பழங்களைத் தின்கிறது. சனிக்கிழமை பத்து வகைத் தின்பண்டங்களைத் தின்று வயிற்றுவலி காண்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓர் இலையைத் தின்று நலமடைந்து, கூடு கட்டி, வண்ணத்துப்பூச்சியாகிறது. புழு தின்ற இடங்களில் பக்கங்களிலேயே துளைகள் உண்டு. இந்நூல் கையில் இல்லாவிடினும், ஆசிரியரும் பிள்ளைகளும் அட்டையில் துளையிட்டுத் தாமே ஒன்று செய்துகொள்ளலாம். அயல்நாட்டுப் பழங்களுக்குப் பதிலாகக் கொய்யா, நாவல், இலந்தை என்று தம் ஊர்ப் பழங்களை எழுதலாம். கிழமையின் பெயர்கள், எண்கள், திங்கள் முதல் வெள்ளி வரை மொத்தம் 15 பழங்கள் என்ற கூட்டல் யாவும் விளையாட்டாகவே மனத்தில் பதியும்.

அடுத்து, பிள்ளைகளை ஒரு கறிவேப்பிலை மரத்திற்கோ எலுமிச்சைத் தோட்டத்திற்கோ அழைத்துச் செல்ல வேண்டும். அங்கே எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவைக் காணலாம். சிறிதாயிருக்கையில் அது பறவை எச்சம்போல் தோன்றி எதிரியை ஏமாற்றும். வளர்ந்தபின் இலைபோல் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னிருந்து கொம்பு போன்ற உறுப்பை நீட்டி ஒருவித வாடை வீசும். நாள்தோறும் சென்று பார்த்துக் குறித்துவரும் பிள்ளைகள் இரண்டு உண்மைகளைத் தாமே கண்டுபிடிப்பர். ஒன்று, இப்புழு கண்ட பழங்களைத் தின்பதில்லை. எலுமிச்சை இனத்து இலைகளையே தின்கிறது. மற்றொன்று, அது பட்டுப்புழுவைப்போல் நூற்கூடு கட்டுவதில்லை. மெல்லிய இழையால் தன்னைக் கொம்பில் பிணித்துக்கொண்டு, தோலுரித்துக் கூட்டுப்புழுவாகிறது. கதையில் உள்ளது வேறு, கண்ணாற் கண்டது வேறு என்று சொல்லத் துணிந்த பிள்ளை, அச்சில் வந்த எதையும் ஆராயாமல் நம்பாது. இப்பாடத்தில் ஆசிரியரைவிடத் தோட்டக்காரரே சிறந்த ஆசான். அண்மையில் மருந்து தெளித்த மரத்தருகே மட்டும் பிள்ளைகளை விடலாகாது.

நான்காவது, பிள்ளைகளே நூல் செய்தல். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்ட கதையைப் பிள்ளைகள் எழுதி, படம் வரைந்து, நூலாகத் தைத்து வைக்கலாம். எழுதத் தெரியாத பாட்டி சொல்ல, பேத்தி எழுதுகையில், அந்நூல் இருவருக்கும் உரியதாகிறது. தன் பெயர் அட்டையில் உள்ள நூலைப் படிக்க மறுக்கும் பிள்ளையை நாம் இதுகாறும் கண்டதில்லை.

சில ஐயங்கள்

கதையில் பொழுதைப் போக்கினால் பாடம் பின்தங்காதா என்பது பெற்றோரின் கவலை. அது நியாயமான கவலையே. ஆனால், சரளமாகப் படிக்க இயலாத பிள்ளைக்குக் கணக்கிலும் அறிவியலிலும் கேள்வியே விளங்குவதில்லை. நாற்றங்காலில் செலவிடும் நாட்களை வீண் என்று எவரும் சொல்லார். நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும். ஆனால் அது நாள்தோறும் நடைபெற வேண்டும்.

நூல் கிழியுமே என்பது இரண்டாவது ஐயம். கிழியத்தான் செய்யும். ஓரம் மடங்கி, விரற்கறை படிந்த நூலே படிக்கப்பட்ட நூல். ஒட்டுத் தாளும் பசையும் கொண்டு கிழிந்ததை ஒட்டும் பொறுப்பைப் பிள்ளைகளுக்கே கொடுத்தால், நூலைப் பேணும் பழக்கமும் உடன் வளரும்.

ஊராட்சி செய்யக்கூடியவை

பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு. அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினருக்குக் குறையாமல் பெற்றோர். ஆகையால், பின்வருவனவற்றைச் செய்யும் ஆற்றல் ஊராரின் கையிலேயே இருக்கிறது.

1. படிக்கப்பட்டு நைந்த நூலுக்கு ஆசிரியர் தம் கைப்பணம் கட்டும்படி நேராது காக்கக் குழு துணைநிற்கும் என்று தீர்மானித்து, அதைக் குறிப்பேட்டில் பதிவு செய்தல். இந்த ஒரு தீர்மானமே பல பூட்டுகளைத் திறக்கும்.

2. ஊராட்சி நூலகம் மாலையில் பிள்ளைகள் வரக்கூடிய நேரத்தில் திறந்திருக்கிறதா என்று உறுப்பினர் ஒருவர் வாரம் ஒருமுறை நேரில் சென்று பார்த்தல். வீட்டு வரியுடன் நூலக வரியும் செலுத்தும் ஊராருக்கு இதைக் கேட்கும் உரிமை உண்டு.

3. கதை சொல்லவல்ல முதியோரை வாரம் ஒரு நாள் பள்ளிக்கு அழைத்தல்.

4. பிள்ளைகள் வந்து பார்ப்பதற்குத் தம் தோட்டத்தையோ வயலையோ விவசாயிகள் திறந்துவிடுதல்.

5. கிராம சபை கூடும் ஜனவரி 26, ஆகஸ்டு 15 போன்ற நாட்களில், பிள்ளைகள் தாம் எழுதிய கதையைச் சபைமுன் படிக்க ஐந்து நிமிடம் ஒதுக்குதல்.

இவற்றுள் எதற்கும் பெருந்தொகை வேண்டா. அரசாணைக்காகக் காத்திருக்கவும் வேண்டா. அடுத்த முறை பள்ளிப் பக்கம் செல்லும்போது, உறுப்பினர்கள் கட்டடத்தின் வெள்ளையடிப்பை மட்டும் பார்த்துத் திரும்பாமல், அலமாரியின் சாவி யாரிடம் உள்ளது என்று கேட்பார்களாக. அதைத் திறக்கச் செய்து, ஒரு நூலை எடுத்து, அருகில் நிற்கும் பிள்ளையிடம் கொடுத்து, அது படிப்பதைப் பொறுமையோடு கேட்பார்களாக. தடுமாறினால் கடிந்துகொள்ளாமல் மறுவாரமும் சென்று கேட்பார்களாக. தான் படிப்பதைக் கேட்க ஊரில் ஒருவர் உண்டு என்று அறிந்த பிள்ளை, படிப்பைக் கைவிடாது.