மனைத் தரகரின் அட்டையில் எதைப் பார்ப்பது?

2021-ல் தாம்பரம் மாநகராட்சியானது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையமும் திறக்கப்பட்டது. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கம் மனை இருக்கிறது என்று சண்முகம் சாலைக் கடைகளுக்கே அட்டையோடு வந்து நிற்பவர்களை நாம் பார்க்கிறோம். அட்டையில் 'ரியல்டர்', 'பிராப்பர்ட்டி கன்சல்டன்ட்', 'அரசு அங்கீகாரம் பெற்றவர்' என்று பட்டங்கள் பளபளக்கின்றன. மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுக்குமுன் இவற்றின் எடையை நாம் அறிய வேண்டும்.

'ரியல்டர்' என்பது அமெரிக்கத் தரகர் சங்கம் ஒன்றின் வணிகக் குறி. அங்கே அச்சங்க உறுப்பினர்தான் அதைப் போட்டுக்கொள்ளலாம். இங்கே அது அரசு தந்த தகுதியன்று. 'கன்சல்டன்ட்' யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளும் சொல். பத்திர எழுத்தருக்குப் பதிவுத்துறை தரும் உரிமமும் தரகுக்கான உரிமம் ஆகாது.

சட்டப்படி செல்வது ஒன்றே. 'ரெரா' எனப்படும் 2016-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 9-ஆம் பிரிவுப்படி, பதிவான திட்டத்தில் மனையோ அடுக்கு வீடோ விற்றுத் தரும் தரகர், எழும்பூரிலுள்ள தமிழ்நாடு கட்டட மனை விற்பனை ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். தாம் முடித்துத் தரும் ஒவ்வொரு விற்பனையிலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும். இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்வதை 10-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மனை விலையில் 5 சதவீதம் வரை அபராதம்.

நம் தராசின் முத்திரையை அதிகாரி பார்ப்பதுபோல, அந்த எண்ணைக் குழுமத்தின் இணையதளத்தில் நாமே போட்டுப் பார்க்கலாம். பெயர் பொருந்துகிறதா, காலம் முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். திட்டத்தின் பதிவு எண் வேறு, தரகரின் எண் வேறு. இரண்டையும் கேட்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டேகால் கிரவுண்டுக்கு, மேற்படாத நிலத்தில் அமையும் திட்டத்துக்குப் பதிவு கட்டாயமில்லை. "சின்ன லேஅவுட்டுங்க, ரெரா வேண்டாம்" என்பவர் சொல்வது உண்மையா என்று மொத்தப் பரப்பைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

ஆனால், எண் இருப்பதாலேயே தரகர் கெட்டிக்காரர் என்று ஆகிவிடாது. மத்தியச் சட்டம் கேட்பது பதிவைத்தான், தேர்வை அன்று. மகாராஷ்டிரத்தில் 2023-ல் தரகருக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயமாயின. ஆகவே முன்பணத்தைத் தரகர் கையில் ரொக்கமாகக் கொடுக்காமல், மனை விற்கும் நிறுவனத்தின் பெயருக்குக் காசோலையாகவே தருவோம். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க, பதிவான திட்டத்தில் அந்த நிறுவனத்துக்கே உரிமையில்லை.

கடை வாடகைக்குப் பிடித்துத் தருபவருக்கும், பழைய தனி வீட்டை விற்றுத் தருபவருக்கும் இந்தப் பதிவு பொருந்தாது. அங்கே எண்ணைக் கேட்டுப் பயனில்லை. கடை வாடகையென்றால், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, உரிமையாளரும் நாமும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும். தரகர் எழுதித் தரும் துண்டுச் சீட்டு அதற்கு ஈடாகாது.