கருதலளவையும் மறைகாரணச் சோதனையும்

காரியங் கண்டு காணாக் காரணத்தைத் துணிதல் கருதலளவையாம். அங்ஙனம் துணியப்பட்ட காரணமொன்று சோதனையால் மறுக்கப்பட்ட வரலாறு இக்காலப் பௌதிக நூலிலுண்டு. சற்காரியவாதம் பயில்வார் அதனை அறிதல் வேண்டும்; அவர் மனம் முதற்கண் தோற்ற கட்சியின்பாலே செல்லுமாகலின்.

ஒருங்கு பிறந்த ஒளித்துகள் இரண்டு எத்துணைத் தொலைவு பிரியினும், ஒன்றன்கண் அளந்து காண்பது மற்றதன்கண் காண்பதோடு இயைந்து நிற்கும். இதனைக் குவாண்டம் பின்னல் என்ப. சந்தவாசலில் ஒருவர் திருநீறு ஒரு பையினும் உருத்திராக்கம் ஒரு பையினும் இட்டு, இன்னது இன்னதென்னாது, ஒன்றை ஆரணிக்கும் மற்றொன்றைப் போளூருக்கும் விடுத்தால், ஆரணியிற் பை அவிழ்த்தவர் போளூரில் உள்ளதை அக்கணமே அறிவர். இதில் வியப்பென்னை? பொருள் முன்னரே பையில் இருந்தது. துகளும் இவ்வாறே விடையை மறைவிற் சுமந்து செல்லுமென்பது மறைகாரணக் கட்சி. குவாண்டம் கொள்கை முற்றுப்பெறாததென 1935-இல் ஐன்ஸ்டைனும் துணைவர் இருவரும் வாதித்தது இந்நோக்குப் பற்றியே.

1964-இல் ஜான் பெல் இக்கட்சியைச் சோதிக்க வழி கண்டார். பின்னர் எளிதாக்கப்பட்ட வடிவில் அதனைக் கூறுதும். இரு முனையினும் இவ்விரண்டு வினாக்கள். விடை +1 அல்லது −1. நான்கு விடையும் முன்னரே அமைந்தனவென்று கொள்க. போளூர் விடையிரண்டும் ஒத்தனவேல் அவற்றின் வேற்றுமை சூனியம். ஒவ்வாவேல் கூட்டுத்தொகை சூனியம். எஞ்சியது எதுவாயினும் அதன் அளவு 2. ஆரணியின் முதல் விடையாற் கூட்டுத்தொகையையும், இரண்டாவதால் வேற்றுமையையும் பெருக்கிச் சேர்ப்பின், எவ்வாற்றானும் 2-ஐ விஞ்சாது. ஓரிணைக்கு முனைக்கொரு வினாவே கேட்டல் கூடுமாகலின், பல இணைகளின் சராசரி கொள்ளப்படும். ஒரு முனையிற் கேட்ட வினா மறுமுனையைத் தாக்காதென்பது இதன் உட்கிடை. குவாண்டம் கணிதமோ 2.83 வரை செல்லுமென்கின்றது.

1972-இல் கிளாசரும் பிரீட்மனும், 1982-இல் ஆஸ்பேயும் சோதித்தனர். மறைகாரணக் கட்சி தோற்றது. 2015-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் இடைவெளியிற் கண்ட அளவு 2.42.

ஓர் ஆசங்கை எஞ்சிற்று. எவ்வினாவைக் கேட்பதென்னும் தேர்வே துகளோடு ஒரு பழங்காரணத்தாற் கட்டுண்டதாயின் என்னை? இதனை விலக்க வானொளியை நாடினர். எம்மூர்க்கு மேற்கே சவ்வாது மலைமேற் காவலூரில் வைணு பாப்பு பெயரால் 2.34 மீட்டர் தொலைநோக்கி உளது. அதனினும் பெரிய இரண்டைக் கொண்டு, லா பால்மா தீவில், குவேசார் என்னும் சேய்மை வான்பொருள்களின் ஒளிநிறத்தால் வினாவைத் தேர்ந்தனர். முடிவு 2018-இல் வெளிவந்தது. ஆண்டும் 2 கடக்கப்பட்டது. பழங்காரணம் உண்டேல், அது 780 கோடி ஆண்டுகட்கு முற்பட்டதாதல் வேண்டும்.

இச்சோதனை அத்துவிதத்தை நாட்டிற்றென மேடையிற் கூறுவார் உளர். அது மிகை. இயைபு ஒருமையாகாது, இதனைச் சித்தாந்திக்கு யாம் சொல்லவேண்டா. இப்பின்னலாற் செய்தி விடுத்தலும் இயலாது. மற்று, சற்காரியவாதம் வீழ்ந்ததென்று அஞ்சுவதும் வேண்டா. காரியம் முதற்காரணத்திற் சூக்குமமாய் உளதென்பதே அவ்வாதம். துகள்தோறும் முடிந்த விடை தனித்தனி உளதென்பதன்று. வீழ்ந்தது அவ்வவ்விடத்து ஒடுங்கிய மறைகாரணமே. 1952-இல் டேவிட் போம் வகுத்த கொள்கையினும் மறைகாரணம் உண்டு. அஃது ஈரிடத்தையும் ஒருங்கு தழுவுவதாகலின், இச்சோதனைகள் அதனை மறுத்தில. நம்மவர் ஆராயத்தக்கது அக்கட்சியே என்பது எம் துணிபு.